செப்சிஸ்: ரத்தப் பரிசோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?
வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்ப்பே கட்டுமீறி உறுப்புகளைச் சிதைக்கும் செப்சிஸ் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்துவிட்டு, சேலம் மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்தும் வாசகர்கள் எழுதியிருந்தார்கள். கடிதங்களில் பெரும்பாலானவை தொற்றின்போது ரத்தத்தில் உயரும் ப்ரோகால்சிட்டோனின், சி.ஆர்.பி. என்ற இரு புரதங்களின் பரிசோதனைகளைப் பற்றியே இருந்ததால், இம்முறை அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் மருத்துவரிடம் பதில் பெற்றிருக்கிறோம். நோய் விவரங்கள் இடம்பெறுவதால் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: என் மாமியாருக்கு வயது 66. நெடுநாளாகச் சர்க்கரை நோய் உண்டு. சிறுநீர்த் தொற்று முற்றி, ரத்த அழுத்தம் இறங்கி, பேச்சு குழறிய நிலையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். ரத்தத்தில் கிருமி பரவிவிட்டது என்றார்கள். சேர்த்த அன்று ப்ரோகால்சிட்டோனின் 38, மூன்றாம் நாள் 14, ஏழாம் நாள் 1.9 என்று ரிப்போர்ட் வந்தது. ஏழாம் நாளோடு ஆன்டிபயாடிக் ஊசியை நிறுத்தி, இரண்டு நாள் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பதினான்கு நாள் போட வேண்டியதைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். ரிப்போர்ட்டும் இன்னும் நார்மலுக்கு வரவில்லையே, டாக்டர்?
– வாசகி, அம்மாப்பேட்டை

பதில்: உங்கள் அச்சம் எனக்குப் புரிகிறது, அம்மா. ஆனால் நீங்கள் எழுதியுள்ள மூன்று எண்களையும் வரிசையாகப் பார்த்தால், அவை நல்ல செய்தியையே சொல்கின்றன.

ப்ரோகால்சிட்டோனின் என்பது கால்சிட்டோனின் என்ற ஹார்மோன் உருவாவதற்கு முந்தைய நிலையில் உள்ள புரதம். உடல் நலமாக இருக்கும்போது தைராய்டு சுரப்பியில் மட்டும் சிறிதளவு உருவாகும். ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 0.1 நானோகிராமுக்கும் குறைவாகவே காணப்படும். பாக்டீரியா தாக்கி, அதன் பாதிப்பு உடல் முழுவதும் பரவும்போது, கல்லீரல், நுரையீரல், கொழுப்புத் திசு என்று உடலின் பல பாகங்களும் அதைச் சுரக்கத் தொடங்குவதால், மூன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் அளவு உயர ஆரம்பித்து, ஏறத்தாழ ஒரு நாளில் உச்சத்தைத் தொடுகிறது. மருந்துக்குக் கிருமி கட்டுப்பட்டதும் புதிதாகச் சுரப்பது நின்று, ஏற்கெனவே ரத்தத்தில் இருப்பது சுமார் ஒரு நாளைக்குப் பாதி என்ற கணக்கில் குறைகிறது. அடுப்பை அணைத்த பிறகும் பாத்திரம் சற்று நேரம் சூடாகவே இருப்பதைப்போல, கிருமி அடங்கிய பின்னும் இந்த எண் சில நாள்கள் நார்மலுக்கு மேலேயே நிற்கும். எனவே மருந்தை நிறுத்துவதற்கு எண் நார்மலாக வேண்டும் என்பதில்லை.

ப்ரோகால்சிட்டோனினைப் பயன்படுத்தும் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் பல கடைப்பிடிக்கும் வழக்கம் இதுதான்: அளவு 0.5க்குக் கீழே இறங்கினாலோ, உச்ச அளவிலிருந்து 80 சதவீதம் குறைந்தாலோ, நோயாளியும் தேறியிருந்தால் ஆன்டிபயாடிக்கை நிறுத்தலாம். 38இல் 80 சதவீதம் குறைந்தால் 7.6. உங்கள் மாமியாருக்கு 1.9 வரை, அதாவது 95 சதவீதம், குறைந்திருக்கிறது. நெதர்லாந்தில் 15 மருத்துவமனைகளில் சுமார் 1,500 நோயாளிகளிடம் இந்த முறையைச் சோதித்து 2016இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான சிகிச்சையில் ஏழு நாளாக இருந்த ஆன்டிபயாடிக் காலம் இம்முறையில் ஐந்து நாளாகக் குறைந்தது; 28 நாள்களுக்குள் இறந்தவர்களின் விகிதமும் 25 சதவீதத்திலிருந்து 20 சதவீதத்துக்கு இறங்கியது. பிரிட்டனில் 41 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 2,760 பேரிடம் நடத்தப்பட்டு 2024இல் வெளியான ஆய்வில் மருந்துக் காலத்தில் மிச்சமானது ஒரு நாளுக்குச் சற்றுக் குறைவுதான் என்றாலும், அதனால் நோயாளிகளுக்குத் தீங்கு நேரவில்லை. அதே ஆய்வில் சி.ஆர்.பி.யை வைத்து முடிவெடுத்த பிரிவில் மருந்துக் காலம் குறையவே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பதினான்கு நாள் என்ற கணக்கு பழைய பழக்கத்தால் நிலைத்துவிட்டது. ரத்தத்தில் பாக்டீரியா இருப்பது உறுதியான 3,608 நோயாளிகளை, ஏழு நாடுகளின் 74 மருத்துவமனைகளில், ஏழு நாள் சிகிச்சை, பதினான்கு நாள் சிகிச்சை என்று இரு பிரிவாக்கிப் பார்த்த பெரிய ஆய்வும் 2024இல் வெளியானது. 90 நாள்களுக்குள் இறந்தவர்கள் ஏழு நாள் பிரிவில் 14.5 சதவீதம், பதினான்கு நாள் பிரிவில் 16.1 சதவீதம். குறுகிய சிகிச்சை எந்த வகையிலும் தாழ்ந்ததாக இல்லை. அந்த ஆய்வில் இருந்தவர்களுள், மற்ற எந்த இடத்தையும்விட அதிகம் பேருக்குத் தொற்று தொடங்கியது, உங்கள் மாமியாருக்குப் போலவே, சிறுநீர்ப் பாதையில்தான்.

இந்தக் கணக்கு பொருந்தாத நோய்களும் உண்டு. ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி ரத்தத்தில் இருந்தாலோ, இதய வால்விலோ எலும்பிலோ தொற்று இறங்கியிருந்தாலோ, வடிக்கப்படாத சீழ்க்கட்டி உள்ளே இருந்தாலோ, ப்ரோகால்சிட்டோனின் எவ்வளவு குறைந்தாலும் வாரக்கணக்கில் மருந்து தொடர வேண்டும். உங்கள் மாமியாரின் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) ரிப்போர்ட்டில் என்ன கிருமி வந்தது, ஸ்கேனில் சிறுநீரகத்தில் அடைப்போ சீழோ இருந்ததா என்ற இரண்டையும் அடுத்த முறை செல்லும்போது மருத்துவரிடம் கேளுங்கள். மீண்டும் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், சிறுநீர் குறைதல், குழப்பமான பேச்சு இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே அழைத்துச் செல்லுங்கள். அவையொன்றும் இல்லாமல் அவர் சாப்பிட்டு, எழுந்து நடமாடுகிறார் என்றால், கூடுதலாக ஏழு நாள் ஊசி போடுவதால் அவருக்குக் கிடைத்திருக்கக்கூடியது வயிற்றுப்போக்கும், சிறுநீரகத்துக்குக் கூடுதல் சுமையும், மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகளும்தான்.

கேள்வி: ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் மேஸ்திரியாக இருக்கிறேன். பழம் பறிக்கும் காலத்தில் ஆள்களுக்கு அடிக்கடி காய்ச்சல் வருகிறது. இங்கே பக்கத்து லேபில் சி.ஆர்.பி. மட்டும் பார்க்க முடிகிறது. ப்ரோகால்சிட்டோனின் பார்க்கச் சேலத்துக்குத்தான் இறங்க வேண்டும் என்கிறார்கள். சி.ஆர்.பி. குறைவாக இருந்தால் இங்கேயே இருக்கலாமா? எப்போது கீழே கூட்டிப்போக வேண்டும் என்று சொல்லுங்கள், ஐயா.
– வாசகர், ஏற்காடு

பதில்: உங்கள் கேள்வியில்தான் உயிர் காக்கும் விஷயம் இருக்கிறது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

கீழே கூட்டிப்போவதா என்ற முடிவை எந்த ரத்தப் பரிசோதனையின் கையிலும் கொடுக்காதீர்கள். சி.ஆர்.பி. கல்லீரலில் உருவாகும் புரதம். தொற்று தொடங்கிய ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பிறகுதான் தெளிவாக உயரத் தொடங்கும். உச்சத்தைத் தொட ஒன்றரை முதல் இரண்டு நாள் ஆகும். காலையில் காய்ச்சல் தொடங்கியவருக்கு மதியம் எடுத்த சி.ஆர்.பி. குறைவாக இருந்தால், நோய் சிறியது என்று பொருளாகாது. பரிசோதனை முந்திக்கொண்டது என்றே பொருள். ப்ரோகால்சிட்டோனின் இன்னும் விரைவாக உயரும் என்றாலும், அதுகூடத் தொடக்கத்தில் குறைவாக இருக்கலாம். இந்தக் காரணத்தால்தான், 2021இல் வெளியான சர்வதேச செப்சிஸ் வழிகாட்டு நெறிகள், ஆன்டிபயாடிக்கை நிறுத்தும் முடிவுக்கு ப்ரோகால்சிட்டோனினைத் துணைக்கு வைத்துக்கொள்ளச் சொல்லும் அதே வேளையில், தொடங்கும் முடிவுக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று பரிந்துரைக்கின்றன. ரத்த அழுத்தம் வீழ்ந்த அதிர்ச்சி நிலை (ஷாக்) இருந்தாலோ, செப்சிஸ்தான் என்று வலுவாகத் தோன்றினாலோ, ஒரு மணி நேரத்துக்குள் முதல் மருந்து உடலுக்குள் போக வேண்டும் என்றும், அதிர்ச்சி இல்லாமல் சந்தேகம் மட்டும் இருந்தால் மூன்று மணி நேரம் வரை ஆராய்ந்து பார்க்கலாம் என்றும் அவை கூறுகின்றன. மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, சேலத்தில் ரத்தம் கொடுத்து, ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்தால் அந்த நேரம் முழுவதும் அதிலேயே கழிந்துவிடும்.

நீங்கள் பார்க்க வேண்டியவை உடலிலேயே இருக்கின்றன. காய்ச்சலோடு மூச்சு நிமிடத்துக்கு 22 அல்லது அதற்கு மேல் வாங்குகிறதா என்று கைக்கடிகாரத்தை வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். பேச்சில் தடுமாற்றமோ, அளவுக்கு மீறிய தூக்கமோ, சம்பந்தமில்லாத பதிலோ இருக்கிறதா என்று கவனியுங்கள். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி இருந்து மேல் எண் 100 அல்லது அதற்குக் கீழே காட்டினாலும், கை கால் சில்லிட்டுத் தோல் திட்டுத்திட்டாக நிறம் மாறினாலும், காலையிலிருந்து சிறுநீர் போகவில்லை என்று சொன்னாலும், உடனே 108ஐ அழையுங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலே போதும். எல்லாம் சேரும் வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். வழியில் ஏற்காடு அரசு மருத்துவமனையில் ரத்த அழுத்தத்தைப் பார்த்து, சலைன் ஏற்றும் ஊசிவழியைப் போட்டு, மருத்துவர் முடிவெடுத்தால் முதல் ஆன்டிபயாடிக்கையும் கொடுத்துவிட்டால், கீழே போகும் நேரம் வீணாகாது. சேலத்தில் பெரிய மருத்துவமனையில் லாக்டேட் பார்ப்பார்கள். திசுக்களுக்கு ரத்த ஓட்டம் போதவில்லை என்பதை அது காட்டும். தேவையான அளவு திரவம் ஏற்றிய பிறகும் ரத்த அழுத்தத்தைத் தாங்கிப்பிடிக்க மருந்து தேவைப்பட்டு, லாக்டேட்டும் 2க்கு மேல் இருந்தால், அது செப்டிக் ஷாக் எனப்படும் மிக ஆபத்தான நிலை.

புதர்களிலும் புல்லிலும் வேலை செய்பவர்கள் என்பதால் மற்றொன்றையும் சொல்ல வேண்டும். ஸ்க்ரப் டைஃபஸ் என்ற உண்ணிக் காய்ச்சல், கண்ணுக்கு எளிதில் தெரியாத சிற்றுண்ணிகளின் இளம்பருவம் கடிப்பதால் வருவது. தமிழ்நாட்டில் மழைக்கும் குளிருக்கும் உரிய மாதங்களில் அதிகம் காணப்படுவது. அதிலும் ப்ரோகால்சிட்டோனின் உயரக்கூடும். உயர்ந்ததைப் பார்த்து வழக்கமான செஃபலோஸ்போரின் வகை ஆன்டிபயாடிக் ஊசியை மட்டும் போட்டால் இந்தக் கிருமி அசையாது. டாக்சிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின் வேண்டும். நோய் முற்றியவர்களுக்கு இவ்விரண்டையும் சேர்த்து நரம்பு வழியே கொடுப்பது ஒன்றை மட்டும் கொடுப்பதைவிடச் சிறந்தது என்று இந்தியாவிலேயே நடந்த ஆய்வு 2023இல் காட்டியது. அக்குள், தொடை இடுக்கு, இடுப்பு, மார்பகத்தின் கீழ்ப்பகுதி ஆகிய மறைவான இடங்களில் நடுவே கறுத்த பொருக்குள்ள, வலியில்லாத சிறு புண் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பெண் தொழிலாளர்கள் அதைத் தாமாகக் காட்டக் கூச்சப்படுவார்கள்; செவிலியரிடம் சொல்லிப் பார்க்க வைப்பது நல்லது. தோட்டத்தில் என்ன வேலை செய்தார், எத்தனை நாள் காய்ச்சல் என்று நீங்கள் மருத்துவரிடம் சொல்லும் இரண்டு வரி, எந்த லேபும் தர முடியாத தகவல்.

கேள்வி: எனக்குக் குடல் அறுவை சிகிச்சை நடந்த மறுநாள் ப்ரோகால்சிட்டோனின் 4 என்று வந்தது. தொற்று இல்லை, பயப்பட வேண்டாம் என்றார் மருத்துவர். பிறகு ஏன் உயர்ந்தது?
– ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர், சூரமங்கலம்

பதில்: பெரிய அறுவை சிகிச்சை, பலத்த விபத்துக் காயம், தீக்காயம் ஆகியவற்றின்போது திசுக்கள் அடையும் சேதமே ப்ரோகால்சிட்டோனினை முதல் ஓரிரு நாள்களில் உயர்த்திவிடும். சிறுநீரகச் செயலிழப்பு, மலேரியா, தைராய்டில் வரும் ஒருவகைப் புற்றுநோய் ஆகியவற்றிலும் உயரும். உங்களுக்கு அடுத்தடுத்த நாள்களில் குறைந்துகொண்டே வந்திருந்தால் மருத்துவர் சொன்னது சரி. இரண்டாம், மூன்றாம் நாளுக்குப் பிறகு குறையாமல் நின்றாலோ, குறைந்தது மீண்டும் ஏறினாலோதான் தையல் போட்ட குடலில் கசிவு உண்டா என்று தேட வேண்டும்.

கேள்வி: எங்கள் ஊரில் சில லேபுகளில் காய்ச்சல் பேக்கேஜ் என்று ப்ரோகால்சிட்டோனினையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். காய்ச்சல் வந்தவுடன் எல்லோரும் பார்த்துக்கொண்டால் தேவையில்லாமல் ஆன்டிபயாடிக் சாப்பிடுவது குறையுமே, சார்? குறைவாக இருந்தால் நாமே மாத்திரையை நிறுத்திவிடலாம் அல்லவா?
– மருந்தாளுநர் படிப்பு மாணவர், ஆத்தூர்

பதில்: உங்கள் அக்கறை நியாயமானது, தம்பி. வழிதான் சரியில்லை. சளியும் இருமலுமாக வரும் வைரஸ் காய்ச்சலில் ஆன்டிபயாடிக் வேண்டியதில்லை என்று நோயாளியைப் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம். அதற்குச் சி.ஆர்.பி.யைவிடப் பல மடங்கு விலையுள்ள ஒரு பரிசோதனை தேவையில்லை. நுரையீரல் தொற்றுகளில் நடந்த 26 ஆய்வுகளைச் சேர்ந்த 6,708 நோயாளிகளின் விவரங்களை ஒன்றாக அலசியபோது, ப்ரோகால்சிட்டோனினைத் துணையாகக் கொண்டவர்களுக்கு ஆன்டிபயாடிக் சராசரியாக 2.4 நாள் குறைந்தது உண்மை. ஆனால் 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வில், பரிசோதனை முடிவு மருத்துவர் கையில் இருந்தும் மருந்துப் பயன்பாடு குறையவில்லை. ரிப்போர்ட்டைப் பார்த்து ஒரு முடிவை மாற்றிக்கொள்ள மருத்துவர் தயாராக இருந்தால் மட்டுமே அந்தப் பரிசோதனைக்குப் பயன் உண்டு.

நாமே நிறுத்துவது கூடவே கூடாது. சீழ்க்கட்டியைப்போல ஓரிடத்தில் அடங்கியிருக்கும் தொற்றில் இந்த எண் குறைவாகவே இருக்கலாம். மாறாக, நீங்கள் மருந்துக் கடையில் அமரப்போகிறவர் என்பதால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள ஹெச்1 அட்டவணைப்படி, குறிப்பிட்ட ஆன்டிபயாடிக்குகளை விற்கும்போது மருத்துவர், நோயாளி, மருந்து ஆகியவற்றின் விவரங்களைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் வைத்திருக்க வேண்டும். அட்டையில் சிவப்புக் கோடு போட்ட மாத்திரையைச் சீட்டில்லாமல் கேட்பவரிடம் இல்லை என்று சொல்லும் ஒவ்வொரு முறையும், எந்த லேபும் செய்ய முடியாத வேலையை நீங்கள் செய்கிறீர்கள்.

கேள்வி: பிறந்து ஒரு நாளான என் பேரனுக்கு ப்ரோகால்சிட்டோனின் 8 என்று வந்து, ஆன்டிபயாடிக் தொடங்கினார்கள். மூன்று நாளில் நிறுத்திவிட்டார்கள். குழந்தை நலமாகத்தான் இருக்கிறான். முதலில் தவறாகச் சொல்லிவிட்டார்களா?
– வாசகி, ஓமலூர்

பதில்: தவறு இல்லை, அம்மா. பச்சிளங்குழந்தைகளுக்கு, எந்த நோயும் இல்லாமலேயே, பிறந்த முதல் இரண்டு நாள்களில் ப்ரோகால்சிட்டோனின் இயல்பாக உயர்ந்து இறங்கும். பெரியவர்களுக்குரிய அளவுகளை அவர்களுக்கு வைத்துப் பார்க்கக் கூடாது. பிறந்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதைக் கணக்கிட்டே பார்க்க வேண்டும். பனிக்குடம் உடைந்து வெகுநேரம் ஆனது, தாய்க்குக் காய்ச்சல், குழந்தை பால் குடிக்காதது போன்ற காரணங்கள் இருந்தால், கல்ச்சர் எடுத்துவிட்டு மருந்தைத் தொடங்குவதே பாதுகாப்பு. ஏனெனில் அந்த வயதில் நோய் முற்றச் சில மணி நேரம் போதும். ஐரோப்பாவிலும் கனடாவிலும் 1,710 குழந்தைகளிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், அடுத்தடுத்துப் பார்த்த அளவுகளைக் கொண்டு முடிவெடுத்தபோது மருந்துக் காலம் 65 மணி நேரத்திலிருந்து 55 மணி நேரமாகக் குறைந்தது. உங்கள் பேரனுக்குத் தொடங்கியதும் சரி, நிறுத்தியதும் சரி.

கேள்வி: ஒரே சொட்டு ரத்தத்தில் செப்சிஸ் உண்டா இல்லையா என்று சொல்லும் பரிசோதனை இன்னும் ஏன் வரவில்லை? ஆராய்ச்சி எந்த நிலையில் இருக்கிறது?
– கல்லூரி மாணவி, அஸ்தம்பட்டி

பதில்: 1930இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் டில்லெட், ஃபிரான்சிஸ் என்ற இருவர், நிமோனியா நோயாளிகளின் ரத்தநீரில் சி.ஆர்.பி.யைக் கண்டார்கள். 1993இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் ப்ரோகால்சிட்டோனினுக்கும் பாக்டீரியாத் தொற்றுக்கும் உள்ள தொடர்பை வெளியிட்டார்கள். அதன் பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட மூலக்கூறுகளைச் சோதித்துவிட்டார்கள். எதுவும் தனியாக நின்று பதில் சொல்லவில்லை. 2016இல் வகுக்கப்பட்ட வரையறையின்படி செப்சிஸ் என்பது, தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்ப்பே கட்டுமீறிப்போய்ச் சொந்த உறுப்புகளைச் சிதைக்கும் நிலை. அந்த எதிர்ப்பு முதியவருக்கு ஒரு மாதிரியும், சர்க்கரை நோயாளிக்கு ஒரு மாதிரியும், பிரசவமான தாய்க்கு வேறு மாதிரியும் இருக்கும்போது, ஒரே மூலக்கூறு எல்லோருக்கும் ஒரே பதிலைத் தருவது அரிது.

மானோசைட் என்ற வெள்ளணுக்களின் அளவு வேறுபாட்டைக் கணிக்கும் முறைக்கு 2019இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சாதாரண ரத்த அணு எண்ணிக்கை எடுக்கும்போதே, அதற்குரிய கருவி இருந்தால், அந்த எண்ணும் வந்துவிடும் என்பதால் நம்மைப் போன்ற ஊர்களுக்கு அது உகந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. பிரெசெப்சின், இன்டர்லூகின்-6 ஆகிய புரதங்களை ரத்தத்தில் அளக்கும் பரிசோதனைகளும் சில இடங்களில் பயன்படுகின்றன. வெள்ளணுக்களில் எந்தெந்த மரபணுக்கள் முடுக்கப்பட்டிருக்கின்றன என்று பார்த்து, பாக்டீரியாவா வைரஸா என்று பிரிக்கும் முறைகளும் வளர்ந்துவருகின்றன. 2017இல் மட்டும் உலகில் 4.89 கோடிப் பேருக்குச் செப்சிஸ் வந்து, 1.1 கோடிப் பேர் அது தொடர்பாக இறந்தார்கள் என்பது மதிப்பீடு. உங்களுக்கு ஆர்வம் இருந்தால், இந்தத் துறைக்கு வாருங்கள். ஆள் தேவை இருக்கிறது.

கேள்வி: என் அண்ணனை ஒரு மருத்துவமனையிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றியபோது, சி.ஆர்.பி. 18இலிருந்து 150 ஆகிவிட்டது என்று குடும்பமே கலங்கிவிட்டது. பிறகு குறைந்துதான் இருக்கிறது என்றார்கள். இது எப்படி? மாற்றும்போது எந்தெந்தத் தாள்களைக் கேட்டு வாங்க வேண்டும்?
– வாசகர், மேட்டூர்

பதில்: இது அலகுக் குழப்பம். சில லேபுகள் சி.ஆர்.பி.யை ஒரு லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்றும், சில ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்றும் தருகின்றன. இரண்டுக்கும் பத்து மடங்கு வேறுபாடு. முதல் இடத்தின் 18 டெசிலிட்டர் கணக்கு என்றால், லிட்டர் கணக்கில் அது 180. ஆக 150 என்பது இறக்கம். எண்ணுக்குப் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் அலகையும் சேர்த்துப் படியுங்கள். ப்ரோகால்சிட்டோனினிலும் கருவிக்குக் கருவி சிறிது வேறுபடும் என்பதால், முடிந்தவரை ஒரே லேபில் தொடர்ந்து பார்ப்பது நல்லது.

மாற்றும்போது, ஒவ்வொரு பரிசோதனையின் எண்ணும் ரத்தம் எடுத்த தேதியும் நேரமும் உள்ள அசல் தாளையோ நகலையோ கேளுங்கள். முதல் ஆன்டிபயாடிக் எது, எந்த நாளில் எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று டிஸ்சார்ஜ் குறிப்பில் எழுதித் தரச் சொல்லுங்கள். மருந்தைத் தொடங்கும் முன்பு கல்ச்சருக்கு ரத்தம் எடுத்தார்களா, எந்த லேபில் கொடுத்திருக்கிறார்கள் என்பதை மறக்காமல் கேளுங்கள். கல்ச்சர் முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். நோயாளி அதற்குள் வேறு மருத்துவமனைக்குப் போய்விட்டால், அந்த ரிப்போர்ட் வாங்க ஆளில்லாமல் பழைய இடத்திலேயே கிடந்துவிடுகிறது. எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்று சொல்வது அந்த ஒரு தாள்தான் என்பதால், குடும்பத்தில் ஒருவர் அதற்கென்றே பொறுப்பேற்று, மூன்றாம் நாள் தொலைபேசியில் கேட்டு, புதிய மருத்துவரிடம் சேர்த்துவிட வேண்டும்.